மருந்துக்கு முந்திய மருத்துவம்

அபூ அலீ இப்னு ஸீனா என்னும் பெயரைக் கேட்டறியாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் அரிது. மீலாது மேடைகளிலும் மத்ரஸா ஆண்டு விழாக்களிலும் அவரை நாம் போற்றாத ஆண்டில்லை. கி.பி. 980இல் புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்த அப்பேரறிஞர் யாத்த 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் மருத்துவப் பெருநூல், 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் துலைத்துலா நகரில் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பெற்றது. 1593இல் ரோம் நகரில் அரபு எழுத்திலேயே அச்சேறியது. 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியது. இவையெல்லாம் நாம் அடிக்கடி எடுத்துரைக்கும் செய்திகள். பெருமைக்குரிய செய்திகள்தாம். எனினும், அந்நூலில் என்ன இருக்கிறது என்று நம்முள் ஒருவரைக் கேட்டால், நோய்களும் அவற்றுக்குரிய மருந்துகளும் இருக்கின்றன என்பதே விடையாக வரும். அது பாதி விடையே.

கானூன் ஐந்து பாகங்களை உடையது. முதற்பாகம் நான்கு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி உடலின் இயல்பைக் கூறும். இரண்டாம் பகுதி நோய்களின் வகைகளையும் காரணங்களையும் அறிகுறிகளையும் கூறும். நான்காம் பகுதி சிகிச்சை முறைகளைக் கூறும். சிகிச்சைக்கு முன்பாக அமைந்த மூன்றாம் பகுதியின் பொருள் 'ஹிஃப்ளுஸ் ஸிஹ்ஹா', அதாவது உடல்நலம் காத்தல். நூலின் தொடக்கத்தில் மருத்துவம் என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போதே, இருக்கின்ற நலத்தைக் காப்பதையும் இழந்த நலத்தை மீட்பதையும் அக்கலையின் இரு நோக்கங்களாகக் கூறும் இப்னு ஸீனா, காப்பதையே முதலில் வைத்தார்.

நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். நோய் வந்தபின் மருத்துவரிடம் ஓடுவதே மருத்துவம் என்று கொண்டோம். மூதாதையரின் பெயரை வைத்துக்கொண்டு அவர்களுடைய கல்வியில் ஒரு பாதியைக் கைவிட்டோம். அந்தப் பாதியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதும், அது இன்று நம் வீடுகளுக்கு ஏன் வேண்டும் என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு காரணங்கள்

உடல்நலம் காக்கும் கலை முஸ்லிம்கள் தாமே தோற்றுவித்ததன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் நலம் பேணுதல் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட தனிநூல் ஒன்று எழுதினார். அரபிகள் அவரை ஜாலீனூஸ் என்பர். அவருடைய நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தவர்களுள் தலையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீராவில் பிறந்து பக்தாதில் பணிபுரிந்து 873இல் மறைந்த அவர் ஒரு கிறித்தவர். அப்பாஸிய கலீபாக்களின் ஆதரவில், அறிவு எங்கிருந்தாலும் அதைத் தேடிக் கொணர்வதே பெருமை என்று கருதப்பட்ட காலம் அது.

ஹுனைன் மாணவர்க்கென வினாவிடையாக எழுதிய மருத்துவ நூலில், மனிதனின் நலத்தையும் நோயையும் நிர்ணயிக்கும் ஆறு பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முதலாவது, சுற்றியுள்ள காற்று. இரண்டாவது, உணவும் பானமும். மூன்றாவது, உடலின் இயக்கமும் ஓய்வும். நான்காவது, உறக்கமும் விழிப்பும். ஐந்தாவது, கழிவுகளை வெளியேற்றலும் வேண்டியவற்றை உடலில் நிறுத்தலும். ஆறாவது, கோபம், கவலை, அச்சம், மகிழ்ச்சி முதலிய மனநிலைகள். பிற்கால ஹகீம்கள் இவற்றை 'அஸ்பாபே ஸித்தா ஸரூரிய்யா' என்றனர். தவிர்க்கவியலாத ஆறு காரணங்கள் என்பது பொருள். இன்றும் யூனானி மருத்துவக் கல்லூரிகளில் இது தொடக்கப் பாடமாகும்.

'தவிர்க்கவியலாத' என்னும் சொல் கருதத்தக்கது. மருந்துண்ணாமல் ஒருவன் வாழ்நாள் முழுதும் இருந்துவிடலாம். மூச்சுவிடாமலும், உண்ணாமலும், உறங்காமலும், கவலையோ மகிழ்ச்சியோ கொள்ளாமலும் ஒருவனும் இருக்க முடியாது. ஆகவே இவ்வாறும் ஒவ்வொரு நாளும் நம் உடலில் ஏதேனும் ஒரு வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். அவற்றை அறிந்து ஒழுங்குபடுத்துவது ஒன்றே நம் கையில் உள்ளது. அவ்வொழுங்குக்கு அவர்கள் இட்ட பெயர் 'தத்பீர்'. வீட்டையோ நாட்டையோ முன்யோசனையுடன் நிர்வகிப்பதற்கும் அரபியில் அதே சொல்தான் வழங்குகிறது.

மக்களுக்காக எழுதிய அறிஞர்கள்

இந்த அடித்தளத்தின்மீது முஸ்லிம் உலகில் தனியொரு நூல் மரபே எழுந்தது. பல்கு நகரத்தவரான அபூ ஸைத் அல்பல்கீ புவியியல் அறிஞராக நன்கு அறியப்பட்டவர், 934இல் மறைந்தவர். 'உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன' என்னும் பொருள்பட அவர் எழுதிய நூலின் முதற்பாதி உடலுக்கு உரியது. மறுபாதி முழுவதும் உள்ளத்துக்கு உரியது. கோபம், அச்சம், துயரம், மனத்தை விடாது நச்சரிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாயிருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கூறும் உபாயம். மனக்கவலையை வெட்கத்துக்குரியதாக எண்ணி மறைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்க, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் அதை உடல்நோயோடு ஒருசேர வைத்து எழுதியிருக்கிறார்.

அவர் காலத்தவரே ரைய் நகரத்து அபூபக்ர் அர்ராஸீ. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய இம்மருத்துவர், உணவுகளின் பயன்களையும் அவற்றால் வரும் கேடுகளைத் தவிர்க்கும் வகையையும் பற்றித் தனிநூல் செய்தார்.

அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் தோன்றிய இப்னு புத்லான் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இவரும் கிறித்தவரே, 1066இல் காலமானார். அறிஞர்களின் நீண்ட வாதங்களால் மக்கள் சலிப்புற்றுள்ளனர், அவர்களுக்கு வேண்டியது பயனே என்று கண்டு, வானியல் பஞ்சாங்கங்களைப் போல அட்டவணை வடிவில் ஒரு நூலை அமைத்தார். 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்பது அதன் பெயர். ஒவ்வோர் உணவுக்கும் ஒரு வரிசை. அதன் இயல்பு என்ன, எது சிறந்த வகை, யாருக்கு ஆகும், என்ன கேடு தரும், அக்கேட்டை எவ்வாறு மாற்றலாம் என்பவை தனித்தனிக் கட்டங்களில். இந்நூல் இலத்தீனில் 'தாக்குயினும்' என்று பெயர் பெற்றது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியப் பிரபுக்களின் இல்லங்களுக்காக அது வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டது; 1531இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அச்சிடப்பட்டது. இத்தாலிய மொழியில் சிறு குறிப்பேட்டுக்கு இன்றும் வழங்கும் 'தக்குயீனோ' என்னும் சொல் நம் 'தக்வீம்' என்னும் அரபுச் சொல்லே.

இப்னு புத்லானோடு கடுமையாக வாதிட்ட கெய்ரோ மருத்துவர் இப்னு ரிள்வான், ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தம் முயற்சியால் மருத்துவம் கற்று உயர்ந்தவர். எகிப்து மண்ணில் உடலுக்கு நேரும் கேடுகளைத் தடுப்பது எவ்வாறு என்று அவர் ஒரு நூல் எழுதினார். அந்நாட்டின் காற்று, நைல் நதியின் நீர், கெய்ரோவின் நெருக்கமான தெருக்கள், அங்கு வீசியெறியப்படும் குப்பை ஆகியன அதில் ஆராயப்படுகின்றன. நலம் என்பது தனியொருவரின் அடக்கத்தால் மட்டும் வருவதன்று, ஊரின் தூய்மையாலும் வருவது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஸுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் அல்அஃப்ளல், மலச்சிக்கலாலும் மனச்சோர்வாலும் வருந்தியபோது, 1198ஆம் ஆண்டையொட்டி அவருக்காக நலம் பேணும் நூலொன்றை அரபியில் எழுதித் தந்தவர் யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன். முஸ்லிம், கிறித்தவர், யூதர் என மூவரும் ஒரே மொழியில் ஒரே கலையை வளர்த்த காலம் அது.

அறிவும் அமலும்

மீண்டும் கானூனின் மூன்றாம் பகுதிக்கு வருவோம். நலம் காப்பதன் பெரும்பகுதி எதில் அடங்கியுள்ளது என்று கூறப் புகுந்த இப்னு ஸீனா, முதலில் உடற்பயிற்சியையும், அடுத்து உணவையும், அதற்கடுத்து உறக்கத்தையும் வைத்தார். பயிற்சி என்பதற்கு அவர் தரும் விளக்கம் நுட்பமானது. நாமே விரும்பிச் செய்வதும், ஆழ்ந்து அடுத்தடுத்து மூச்சு வாங்கச் செய்வதுமான இயக்கமே பயிற்சி என்கிறார். கடைக்குள் நாலடி நடப்பதையும் மாடியில் காற்று வாங்குவதையும் பயிற்சி எனச் சொல்லிக்கொள்வோர் இவ்விளக்கத்தைக் கருத வேண்டும். விரைந்து நடத்தல், மற்போர், அம்பெய்தல், குதிரையேற்றம் எனப் பல வகைகளைக் கூறி, வலுவற்றவர்க்கு ஊஞ்சலும் படகுப் பயணமும் போதும் என்று அவரவர் நிலைக்கேற்ப அளவும் வகுத்தார். குழந்தைக்கு ஒரு முறை, முதியவர்க்கு ஒரு முறை, பயணிக்கு ஒரு முறை என அப்பகுதி விரிகிறது.

இவ்வளவும் எழுதிய இப்னு ஸீனா 1037இல் ஹமதானில் மறைந்தபோது அவருக்கு வயது 57. அவருடன் நெடுங்காலம் வாழ்ந்த மாணவர் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ எழுதி வைத்த வரலாற்றில், குடல் வலியால் வருந்திய ஆசிரியர் விரைவில் குணமடைய எண்ணித் தமக்குத் தாமே அளவு மிஞ்சிய சிகிச்சை செய்துகொண்டதும், உடல் நலிந்தபின்னும் பத்தியம் காக்காததும் மறைக்காமல் கூறப்பட்டுள்ளன. இதனால் அவருடைய கல்வி குறைந்துவிடாது. ஆனால் 'இல்மு' வேறு, 'அமல்' வேறு என்று நம் ஆலிம்கள் இடைவிடாது கூறிவருவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. நூலை எழுதியவரையே அந்நூல் தானாகக் காக்கவில்லை என்றால், அவருடைய பெயரைச் சொல்லும் நம்மை அது எவ்வாறு காக்கும்?

மார்க்கத்தின் வழியில் நோக்கினும் இது விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றன்று. உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) வகுத்தார்கள்; 'இஹ்யா'வில் வயிற்றின் ஆசையை அடக்குவது பற்றித் தனிப் பகுதியே அமைத்தார்கள். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பகுத்துக்கொள்ள வழிகாட்டும் நபிமொழியை மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அறிவிக்க, திர்மிதீ இமாம் பதிவு செய்துள்ளார்கள். தமிழ்மறை எனப் போற்றப்படும் திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் பசித்துண்பதையுமே பேசுகின்றன என்பதும் ஈண்டு நினையத்தகும். வயிற்றை நோயின் வீடாகவும் பத்தியத்தை மருந்துகளின் தலையாகவும் கூறும் அரபு வாசகம் ஒன்று நபிமொழியாக நம் ஊர்களில் சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை வல்லார் அதை நபிமொழியாகக் கொள்வதில்லை. தாயிஃப் நகரத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்பர். கருத்து நன்றே, ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயரில் சொல்லுமுன் ஆராய்வது நம் கடமை.

அவ்வாசகத்தையே எடுத்துக்கொண்டு, 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் ஒரு சமூக உண்மையை விளக்கினார். மருத்துவர்கள் நகரங்களில் மிகுதியாகவும் பாலைவனத்தில் அருகியும் இருப்பது ஏன்? நகரத்தார் பலவகை உணவுகளைக் கலந்து, மிகுதியாக, வேளையின்றி உண்கின்றனர்; அவர்களுடைய காற்று மாசுபட்டது; உடலுழைப்போ இல்லை. பாலைவனத்தாரோ குறைவாக உண்டு, எளிய உணவு உண்டு, ஓயாமல் இயங்குகின்றனர். நோய் வாழ்க்கை முறையைத் தொடர்ந்து வருகிறது என்பதே அவர் கண்ட முடிவு.

முன்னோர் அறியாதது

இவ்விடத்தில் ஒரு நேர்மை வேண்டும். இன்றைய அறிவியல் கண்டதனைத்தும் நம் முன்னோர் நூல்களில் முன்பே உள்ளது என்று மார்தட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அன்று. உடல் நான்கு திரவங்களின் சமநிலையால் ஆனது என்னும் கிரேக்கக் கொள்கையை அவர்கள் நம்பினர். அது பின்னர்ப் பிழை எனத் தெளிந்தது. இரத்தத்தைக் குத்தி வெளியேற்றுவதைப் பல நோய்களுக்கு விதித்தனர். புதிய பழங்களை ஐயத்துடன் நோக்கினர்; இன்று அவை நலம் தருவன என்று அறிவோம்.

அவர்களிடம் இல்லாத பெரிய கருவி எண்ணிக்கை. ஓர் உணவோ பழக்கமோ எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் தருகிறது என்று ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து எண்ணிப் பார்க்கும் முறை அன்று இல்லை. அதன் விதை மட்டும் அர்ராஸீயிடம் காணப்படுகிறது. மூளைக்காய்ச்சல் நோயாளருள் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்தும், மற்றொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் 'அல்ஹாவீ' நூலில் குறித்துள்ளார். அவர் அடைந்த முடிவை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் இரு கூட்டத்தாரை ஒப்பிட்டு உண்மை காணலாம் என்ற எண்ணம் சரியானது. அவ்வெண்ணம் முழு வளர்ச்சி பெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான்.

எண்ணிக்கை சொன்ன சாட்சி

புகையிலை பற்றிய வழக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது முஸ்லிம் நாடுகளுக்குள் நுழைந்த சில காலத்திலேயே, 1617இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும், 1633இல் உதுமானிய ஸுல்தான் நான்காம் முராதும் அதைத் தடைசெய்தனர். ஆலிம்களோ இரு பிரிவாயினர். ஹராம் என்றனர் சிலர். டமாஸ்கஸ் நகரத்து அப்துல் கனீ அந்நாபுலுஸீ போன்றார் அனுமதிக்கப்பட்டதே என்று நூல் எழுதினர். இரு தரப்பாரின் வாதத்திலும் நடுநாயகமாக நின்ற கேள்வி, அதனால் 'ளரர்', அதாவது உறுதியான கேடு உண்டா என்பதே. அன்று அதற்கு ஐயமற விடையளிப்பார் இல்லை.

விடை 1950இல் கிடைத்தது. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளரையும் பிற நோயாளரையும் ஒப்பிட்டு, புகைப்பழக்கத்துக்கும் அப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே தம் ஆய்வுக்குரியவராக்கி, அவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடரும் பணியைத் தொடங்கினர். 2004இல் வெளியான முடிவு இது: தொடர்ந்து புகைப்போர், புகைக்காதாரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக மடிகின்றனர். அறுபது வயதில் விட்டால் ஏறத்தாழ மூன்றாண்டும், ஐம்பதில் விட்டால் ஆறாண்டும், நாற்பதில் விட்டால் ஒன்பதாண்டும், முப்பதில் விட்டால் அனேகமாகப் பத்தாண்டும் மீட்கலாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் உண்டோ?

உடலுழைப்பைப் பற்றிய சாட்சியத்தை அளித்தவர் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர். இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுத்துக்கொண்டு படியேறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே ஊதியம், ஒரே வகை வீடு. 1953இல் மாரிஸ் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களைவிட ஓட்டுநர்களே மாரடைப்புக்கு மிகுதியாக ஆளாயினர் என்பதும், திடீர் மரணங்கள் ஓட்டுநரிடையே ஏறத்தாழ இருமடங்கு என்பதும் தெரிந்தன. இப்னு ஸீனா முதலிடத்தில் வைத்த பயிற்சிக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. மாரிஸ் தாம் கண்டறிந்ததைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்து, முதுமையிலும் நடையையும் நீச்சலையும் விடாதிருந்து, 2009இல் 99ஆம் வயதில் காலமானார்.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வில் 5,209 ஆண்களும் பெண்களும் பின்தொடரப்பட்டனர். உயர்ந்த இரத்த அழுத்தமும், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பும், புகைப்பழக்கமும் இதயநோய்க்கு முன்னோடிகள் என்பது அங்கு உறுதியாயிற்று. நோய் திடீரென விழும் இடி அன்று. பல்லாண்டுகள் ஓசையின்றி உடலில் வளர்ந்து வருவது என்பது அதன் பாடம்.

பின்லாந்தின் வட கரேலியா மாவட்டத்தில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் மடிவது பிற இடங்களைவிட மிகுதியாயிருந்தது. பால்வளம் மிக்க அம்மாவட்டத்தில் ரொட்டிக்கும் வெண்ணெய், கறிக்கும் வெண்ணெய். 1971இல் மக்கள் அரசிடம் முறையிட, 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. அவர் மருத்துவமனையில் அமர்ந்திருக்கவில்லை. 'மார்த்தா' என்னும் இல்லத்தரசியர் அமைப்பினரோடு சேர்ந்து சமையற்கட்டுக்குள் சென்றார். உப்பும் கொழுப்பும் குறைந்த சமையலை அப்பெண்மணிகள் ஊர்தோறும் செய்து காட்டினர். அடுத்த நாற்பதாண்டுக் காலத்தில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தன. புதிய சிகிச்சைகளும் அதில் பங்கு கொண்டன. எனினும் பெரும்பங்கு வாழ்க்கை முறை மாறியதற்கே உரியது.

சென்னையில் கிடைத்த விடை

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுக் கதைகள், நம் உடலுக்குப் பொருந்துமா என்று வினவலாம். விடை சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, முடிவை 2006இல் வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில், நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டுக்குள் நீரிழிவு நோயாளராயினர். தினமும் அரைமணி நேர நடையும் உணவு ஒழுங்கும் கற்பிக்கப்பட்டு, விடாமல் ஊக்கப்படுத்தப்பட்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் பெற்ற பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவே குறைந்தது. நடையும் உணவும் மாத்திரைக்கு இணையாக நின்றன.

இவ்வெண்களை இருபுறமும் நோக்க வேண்டும். நூற்றுக்குப் பதினாறு பேர் அம்மூன்றாண்டுகளில் நோயினின்றும் தப்பினர் என்பது ஒருபுறம். ஒழுங்காக இருக்க முயன்றும் 39 பேருக்கு நோய் வந்தது என்பது மறுபுறம். குடும்ப வழியும் பிற காரணங்களும் நோயில் பங்கு கொள்கின்றன. ஆகவே வாழ்க்கை ஒழுங்கு நோயின் அபாயத்தைக் குறைக்கும். அறவே நீக்குவதாக வாக்களிக்காது. நோயுற்றாரைப் பார்த்து, நீர் கட்டுப்பாடாக இருந்திருந்தால் வந்திராது என்று பழிப்பது அறமும் அன்று, அறிவும் அன்று. நோய் வந்தவர், நடையை நம்பி மருந்தை நிறுத்துவதும் கூடாது. காத்தலும் மீட்டலுமாக இரண்டும் சேர்ந்ததே மருத்துவம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்றும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில் உள்ளனர் என்றும் கணக்கிட்டது. சென்னை ஆய்வு பேசியது அந்த விளிம்பில் நிற்பவரைப் பற்றித்தான். அவர்களில் பலர் தம் நிலையை அறியார். நம் வீடுகளிலும் அவர்கள் இருக்கின்றனர்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

நம்மிடையே நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மாரடைப்பால் மௌத்தான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அடிக்கடி வருகிறது. 'அஜல்' வந்துவிட்டது என்கிறோம். அஜல் உண்மையே. ஆனால் கத்ரை நம்புவது என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்க் என்னும் இடத்திலிருந்து திரும்ப முடிவெடுத்த கலீபா உமர் (ரலி) அவர்களிடம், இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். இறைவனின் ஒரு விதியினின்றும் அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையிறுத்தார்கள். தற்காப்பும் இறைவிதியின் ஒரு கூறே என்பதற்கு இதைவிட மேலான சான்று வேண்டா.

நம் விருந்துகள் அன்பின் அடையாளம். நெய்ச்சோறும் களறியும் வட்டலப்பமும் ஒழிக்கப்பட வேண்டியவை அல்ல. முன்பு ஆண்டுக்குச் சில நாள் உண்டதை இன்று வாரந்தோறும் உண்கிறோம்; முன்பு மைல் கணக்காக நடந்த கால்கள் இன்று தெருமுனைக்கும் வண்டி தேடுகின்றன. இப்னு கல்தூன் விவரித்த நகரத்தாராக நாம் ஆகிவிட்டோம். நோன்புக்கஞ்சி நல்ல உணவு. அதன் பக்கத்தில் குவியும் எண்ணெய்ப் பலகாரங்களும் சர்க்கரை மிகுந்த சர்பத்துமே பகல் முழுதும் காத்த கட்டுப்பாட்டை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகின்றன. கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் சேரும் உப்பைக் கணக்கிட்டால், ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை நம்மில் பலர் காலையிலேயே தாண்டிவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை சில. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்துக்கொள்வது. பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வது. பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரிடம், இருந்த இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் நன்மையாக எழுதப்படும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நினைவில் கொள்வது. பெண்கள் நடப்பதற்கு விடியற்காலையிலோ மாலையிலோ பாதுகாப்பான இடம் ஒன்றை ஜமாஅத் ஏற்படுத்தித் தருவது. வீட்டு வேலையே போதும் என்று சொல்லி அவர்களுடைய நலத்தை நாம் தட்டிக்கழித்தது போதும். வலீமா விருந்தில் காய்கறியும் பழமும் ஒரு வகையாகவேனும் இடம்பெறச் செய்வது. புகைப்பவரை இகழாமல், விடுவதற்குத் துணை நிற்பது. பின்லாந்தின் மாற்றம் சமையற்கட்டில் தொடங்கியது. நம் உம்மாமார்களும் லாத்தாமார்களும் மனம் வைத்தால் நம் ஊர்களிலும் தொடங்கும்.

கானூனின் மூன்றாம் பகுதியை மூலத்தில் படிக்க அரபுக் கல்வி வேண்டும். அதன் சாரத்தைக் கடைப்பிடிக்க அக்கல்வி வேண்டுவதில்லை. அளவாக உண்பதும், மூச்சு வாங்க நடப்பதும், வேளையோடு உறங்குவதும், மனத்தை அமைதியாக வைப்பதும் எல்லார்க்கும் இயல்வன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு, இறைவனிடம் கேட்குமாறு கற்பித்தது 'ஆஃபியத்'. தீங்கின்றிக் காக்கப்பட்ட நலவாழ்வு என்பது அச்சொல்லின் பொருள். கேட்பவர் அதற்குரிய முயற்சியையும் செய்தல் வேண்டும். வல்ல நாயன் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் ஆஃபியத்தை அருள்வானாக!